லாகோஸுக்கு முன் மூன்று ஞாயிறுகள்

30 ஜூன் 2001, சனி

காலையிலிருந்து தூறல். மூன்று நாளாகத் துணி காயவில்லை. வீடு முழுக்கக் கொடி, கொடி முழுக்க ஈரம்.

அவரிடம் போய்ச் சேர இன்னும் மூன்று வாரம். 21ஆம் தேதி டிக்கெட். ஒன்பது மாதமாக லாகோஸில் ஏதோ ஒரு வங்கிக்குக் கம்ப்யூட்டர் போட்டுக்கொண்டிருக்கிறார், இன்னும் ஒரு வருஷம் ஆகுமாம்.

பாக்கி:
– மஞ்சள் காய்ச்சல் ஊசி (சென்னையில் போட்டாயிற்று, அட்டை அத்தையிடம்)
– மலேரியா மாத்திரைக்கு டாக்டர் (இன்று)
– ஆபீஸில் கடைசி நாள் 18
– ரசப்பொடி, பூண்டு ஊறுகாய், அவருக்கு பனியன்
– பெட்டிக்குப் பூட்டு

டாக்டரிடம் அத்தையும் வந்தார். வராமல் இருப்பாரா? கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் எனக்குப் பல் பிடுங்கியபோதும் மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் மாநில அரசு ஆபீசில் கோப்பு பார்த்தவர். யார் யாரைக் கேள்வி கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும்.

டாக்டர் வயதானவர், கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அங்கே சாதாரண மலேரியா மாத்திரை கேட்காதாம், கிருமி அதற்குப் பழகிவிட்டதாம். வேறொன்று, வாரத்துக்கு ஒரு தடவை. மூன்று வாரம் முன்பே ஆரம்பித்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதுவதற்கு முன் வரிசையாகக் கேள்வி. என்னைப் பார்த்துக் கேட்டார், அத்தை பதில் சொன்னார்.

"இருதயம்?"

"நல்லா இருக்கு டாக்டர்."

"மனசுக்கு, தூக்கத்துக்கு மருந்து ஏதாவது?"

அத்தை சிரித்தே விட்டார்.

"வலிப்பு, ஃபிட்ஸ்? சின்ன வயசுலயாவது?"

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. எங்க மருமகளுக்கு ஜலதோஷம்கூட வராது."

பெண் பார்க்க வந்தபோது அப்பா சொன்ன வாக்கியம் அது. ஜலதோஷம்கூட வராது. அத்தை அதை இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்து இன்று அப்படியே எடுத்துக் கொடுத்தார். நான் தலையாட்டினேன். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

ஒன்பது வயதில் ஒரு தடவை. பதினொன்றில் ஒரு தடவை. பதின்மூன்றில், பள்ளிக்கூடத்துப் பிரேயரில், எல்லார் முன்னாலும். பதினாறு வரை மாத்திரை. அப்புறம் வேலூர் டாக்டர் நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வருஷமாக ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் அதற்கு 'அந்த விஷயம்' என்று பேர். வலிப்பு என்று அம்மா வாயைத் திறந்து சொன்னதே கிடையாது.

இந்த டைரி ஆபீஸ் டிராயரில்தான் இருக்கும். வீட்டுக்கு எடுத்துப் போகிற நாளில் பையின் அடியில், குடைக்குக் கீழே.

1 ஜூலை, ஞாயிறு

மா. 1. சாப்பிட்டாயிற்று.

அத்தை நாள்காட்டித் தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார், 1, 8, 15. இட்லி சாப்பிட்டு முடித்ததும் ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் சொம்பு. "வெறும் வயித்துல கூடாது, நிறையத் தண்ணி குடிக்கணும். டாக்டர் சொன்னாரில்ல." நான் விழுங்கும்வரை நின்றார். கசப்பு.

பிறகு பாத்ரூமில் போய் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். எறும்பு எழுத்து. யாரெல்லாம் சாப்பிடக் கூடாது என்பதில் இரண்டாவது வரியிலேயே நான் இருக்கிறேன். வலிப்பு இருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள்.

முன்பே எனக்குத் தெரியாதா என்ன? டாக்டர் சும்மாவா கேட்பார்? தெரிந்துதான் விழுங்கினேன். என் முட்டாள்தனத்துக்கு ஒரு அளவே இல்லை.

தாளை மடித்துத் திரும்பப் பெட்டியில் வைக்க வரவில்லை. அந்தத் தாள்களை மடிக்கிறவர்களுக்குத் தனிப் படிப்பு இருக்கும் போல. ப்ளவுஸுக்குள் செருகிக்கொண்டு வந்தேன்.

3 ஜூலை, செவ்வாய்

மழை. பஸ்ஸில் "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி" என்று கண்டக்டர் கத்தல். முன்னால் போக இடம் இருந்தால் போக மாட்டோமா?

ஆபீஸில் இன்று முழுக்க ஒரே டாக்டரின் டேப். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக்கொண்டு டைப் அடிக்கிற வேலை எனக்கு. முகம் தெரியாத ஆட்களின் சர்க்கரை, மூலம், முதுகுவலி எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒவ்வொருவருக்கும் 'பழைய நோய்கள்' என்று ஒரு பத்தி வரும். ஆறு வயதில் கை முறிந்தது முதல் ஒன்று விடாமல் சொல்லியிருப்பார்கள். யாரும் யாரையும் துரத்திவிட்டதாகத் தெரியவில்லை.

நேற்றும் முந்தாநாளும் கனவு. அவர் சட்டையை அயர்ன் பண்ணுகிறேன், சட்டைக்குள் அவர் இருக்கிறார், "பரவாயில்லை, பண்ணு" என்கிறார். எழுந்தும் அரை மணி நேரம் பெட்டியின் சூடு கையில் இருந்தது. மாத்திரையில் கனவு வரும் என்று தாளில் போட்டிருக்கிறது. தலையும் லேசாகச் சுற்றுகிறது, பஸ் நின்ற பிறகும் ஓடுகிற மாதிரி.

களைப்பு. வேலையில் வருகிற களைப்பு இல்லை இது.

4 ஜூலை, புதன்

மத்தியானம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வாணியம்பாடிக்குப் போன். அப்பா எடுத்தார். நடந்ததைச் சொன்னேன்.

அப்பா முதலில் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத பாரு ஜெயா, நீ முழுங்காத. வாயில வச்சிக்கினு பாத்ரூமுக்குப் போயி துப்பிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அங்க மலேரியா வந்தா?"

"கொசுவல கட்டிக்க. கொசுவத்தி வச்சிக்க. நம்ம ஊர்ல கொசு இல்லியா?"

"அப்பா, டாக்டர்கிட்ட சொல்லிடட்டுமா?"

"டாக்டர்கிட்ட சொன்னா உன் மாமியாகிட்ட சொன்ன மாதிரி. ரெண்டு வருஷம் நல்லா போச்சில்ல? சும்மா கெடக்குறத எதுக்குக் கெளப்புற?"

பக்கத்தில் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டேன்.

அப்பாமேல் கோபம் வந்தது. பிறகு போய்விட்டது. பிரேயரில் விழுந்த மறுநாளே என் டி.சி.யை வாங்கி வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் இடத்தை மாற்றுவது. இப்போது அந்த வைத்தியம் ஆப்பிரிக்காவரை வந்திருக்கிறது.

எழுதி வைக்கிறேன், தெளிவாவது கிடைக்கட்டும். மாத்திரை போட்டால் வலிப்பு வரலாம். போடாமல் போனால் மலேரியா வரலாம், அங்கே அதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தால் கல்யாணம் போகலாம்.

தெளிவு ஒன்றும் கிடைக்கவில்லை.

7 ஜூலை, சனி

வெயில்! எல்லாத் துணியும் மாடியில்.

சாயங்காலம் அவர் போன், சனிக்கிழமை வழக்கம். முதலில் அத்தை பத்து நிமிஷம். "ஆடியில போய் பொண்ண புருஷன்கிட்ட அனுப்புறதா? எந்த ஊர்லடா இருக்கு இது? ஆடி கழிச்சு வரட்டுமே சேகரு." கம்பெனி எடுத்த டிக்கெட், மாற்றினால் தொல்லை என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அத்தை முகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ரிசீவரைக் கொடுத்தார்.

"மாத்திர ஆரம்பிச்சிட்டியா?"

"ம்."

"ஒத்துக்குதா?"

"ம். கனவுதான் வருது."

"எனக்கும் வந்துச்சு. நான் மொதல் மாசம் கனவுல தெனம் ஒரு பஸ்ஸ ஓட்டினேன்." சிரித்தார். "விட்டுடாத ஜெயா. இங்க எங்க டீம்ல ஒருத்தன் விட்டுட்டான். ரெண்டு வாரம் ஆஸ்பத்திரி. பொழைச்சதே பெரிசு."

அவரிடம் சொல்ல அந்த இடம் சரியாக இருந்தது. ஒரு மூச்சு விட்டிருந்தால் சொல்லியிருக்கலாம். அத்தை எதிரில் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தார். "ரசப்பொடி எவ்வளவு கொண்டு வரட்டும்?" என்று கேட்டேன்.

8 ஜூலை, ஞாயிறு

மா. 2. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அப்பா சொன்னபடி செய்யலாம் என்று முடிவு செய்திருந்தேன். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன், தண்ணீரைக் குடித்தேன், பாத்ரூம் பக்கம் நடந்தேன். நான்கு அடிகூட வைக்கவில்லை.

"ஜெயா, ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் போதுமா, இன்னும் ஒரு பாக்கெட் வாங்கணுமா?"

வாயைத் திறக்காமல் எப்படிப் பதில் சொல்வது? தலையாட்டினேன். "போதும்னா, வாங்கணும்னா?" கசப்பு கரைந்து தொண்டைவரை. கண்ணில் தண்ணீர். விழுங்கிவிட்டு, "போதும் அத்தை" என்றேன்.

துப்பத் தெரியவில்லை, சொல்லத் தெரியவில்லை. விழுங்க மட்டும் நன்றாக வருகிறது.

10 ஜூலை, செவ்வாய்

நேற்று சாயங்காலம் ஐந்தரை. காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். முதலில் வாசனை, ரப்பர் கருகுகிற மாதிரி. அடுப்பைப் பார்த்தேன், கேஸ் குழாயைப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் ஒவ்வொரு தடவையும் முதலில் இந்த வாசனைதான்.

இடது கட்டைவிரல் தானாக வெட்டியது. டம்ளர் கீழே, காபி புடவையெல்லாம். அடுப்பை அணைத்தேன், அதுவரை புத்தி இருந்தது. தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன். விரல் வெட்டிக்கொண்டே இருந்தது, என்னுடையது இல்லை என்பது போல அதைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். நாற்பதில் நின்றது.

ஹாலிலிருந்து அத்தை, "என்ன உடைச்சே?"

"எவர்சில்வர்தான் அத்தை."

அவ்வளவுதான். பெரிதாக வரவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷம் கழித்து, வீட்டு விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டது.

பயமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

11 ஜூலை, புதன்

அரை நாள் லீவு. தனியாக டாக்டர்.

"என்னம்மா, இன்னைக்கு வக்கீல் வரலையா?" என்றார். அத்தையைத்தான். பதில் சொல்ல வந்தேன், அழுகைதான் வந்தது. கம்பவுண்டர் கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று, வேலூர், திங்கட்கிழமை காபி.

"யாக்கம்மா? நான் அவ்வளவு தெளிவா கேட்டேனே, ஏன் சொல்லல?"

"பக்கத்துல அத்தை இருந்தாங்க."

பேனாவை மூடி வைத்தார். "தப்பு எனக்கும்தான். அவங்கள வெளியில உக்கார வச்சிட்டுக் கேட்டிருக்கணும். இந்த ஊர்ல இத்தனை வருஷம் பிராக்டிஸ் பண்ணிட்டு எனக்கே இது தோணல" என்றார்.

சொன்னவை, மறக்காமல் இருக்க:

– அந்த மாத்திரை இனி ஒன்றுகூட வேண்டாம்.
– சாப்பிட்ட இரண்டும் உடனே வெளியேறாது, ரத்தத்தில் வாரக் கணக்கில் இருக்கும். அதனால் 21 பயணம் வேண்டாம். ஒரு மாதமாவது தள்ளிப் போட வேண்டும்.
– வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டர், தலைக்கு ஈ.ஈ.ஜி.
– நரம்பு டாக்டர் சரி என்ற பிறகு வேறு மருந்து. காப்ஸ்யூல், தினம் ஒன்று, ஒரே நேரத்தில். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் ஆரம்பம், அங்கே இருக்கும்வரை, திரும்பி வந்து நான்கு வாரம். நடுவில் நிறுத்தக் கூடாது.
– சாப்பிட்ட பிறகு, முழு டம்ளர் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து. விழுங்கியதும் படுக்கக் கூடாது, தொண்டை புண்ணாகும். பாலோடு கூடாது. வெயிலில் தோல் கறுக்கும், எரியும்.
– கர்ப்பம் என்றால் இது கூடாது. சந்தேகம் வந்தாலே டாக்டரிடம்.
– எந்த மாத்திரையும் முழுக் காவல் இல்லை. வலை, முழுக்கை, கொசு மருந்து. காய்ச்சல் வந்தால், திரும்பி வந்து பல மாதம் ஆனாலும், அன்றே ரத்தப் பரிசோதனை.
– தனியாக அடுப்பு, மொட்டை மாடி, தாழ்ப்பாள் போட்ட குளியல் இப்போதைக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று சொன்னார். "கூட இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்மா. உங்க ஹஸ்பண்டுக்கு. அதுக்கு மட்டும் நான் மாத்திரை எழுத முடியாது."

பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்ஸை விட்டேன். டாக்டரிடமாவது சொன்னேன் என்று ஒரு சின்ன நிம்மதி, பல் பிடுங்கின இடம் மாதிரி, வலியும் உண்டு.

12 ஜூலை, வியாழன்

ஒரு மாதம் தள்ளிப் போட என்ன காரணம் சொல்வது என்று நேற்று முழுக்க யோசித்தேன். இன்று காலை கீரை ஆயும்போது தானாகக் கிடைத்தது. ஆடி.

"அத்தை, நீங்க சொன்னது சரின்னு தோணுது. ஆடி கழிச்சே போறேனே."

அத்தைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "பாத்தியா! நான் சொன்னா சேகரு கேக்க மாட்டான், நீ சொன்னா கேப்பான்." மத்தியான டப்பாவில் எனக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல்.

இவ்வளவு சுலபமா? மாத்திரை 'ஒத்துக்கலை' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆவணியில் புது காப்ஸ்யூல். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்பா கேட்டால் பெருமைப்படுவார்.

வாழைக்காய் இறங்கவில்லை.

13 ஜூலை, வெள்ளி

ஆபீஸுக்குத் தலைவலி என்று பொய், வீட்டுக்கு ஆபீஸ் என்று பொய். ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். தலை முழுக்கப் பசை, ஒயர். எடுத்த பெண், "நோவாகல்ல, நோவாகல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வலிக்கத்தான் இல்லை. பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு வாரம் கழித்து வா என்று நரம்பு டாக்டர்.

"கூட யார் வந்திருக்காங்க?"

"யாரும் இல்ல."

எழுதிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்ட் குழாயில் தலையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன். மழையில் நனைந்ததாக ஒரு பொய். வானம் பளிச்சென்று இருந்தது. அத்தை வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டு எடுத்துக் கொடுத்தார்.

அலுப்பாக இருக்கிறது. நோயைவிட இதுதான் பெரிய வேலையாக இருக்கிறது.

14 ஜூலை, சனி

அவர் போன். ஆடி என்றேன்.

"நீயுமா? போன வாரம் ரசப்பொடி எவ்வளவுன்னு கேட்ட?" என்று எரிந்து விழுந்தார். "வீடு பாத்து, கட்டில் வாங்கி, ஜன்னல்ல கொசுவல அடிச்சு எல்லாம் பண்ணி வச்சிருக்கேன். வர இஷ்டமில்லன்னா இஷ்டமில்லன்னு சொல்லு."

"இஷ்டம்தான்."

"அப்புறம் என்ன ஆடி?"

அவர் எனக்காக ஜன்னல் ஜன்னலாக வலை அடித்துக்கொண்டிருக்கிறார். நான் இங்கே ஆடி, ஆடி என்கிறேன்.

15 ஜூலை, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

இட்லி முடிந்தது. அத்தை மாத்திரையும் சொம்புமாக வந்தார். "ஆடி கழிச்சுதானே போறே, இப்ப எதுக்குன்னு நெனச்சேன். ஆனா நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல." கையை நீட்டினார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், சின்னப் பெண் மாதிரி. "வேணாம் அத்தை. எனக்குச் சின்ன வயசுல வலிப்பு இருந்துச்சு. இதைச் சாப்பிடக் கூடாது. போன திங்கக்கிழமை சமையல்ரூம்ல லேசா வந்துச்சு."

அத்தை சொம்பை மேஜைமேல் வைத்தார். உட்கார்ந்தார். சாமி படத்தைப் பார்த்தார், மாமா படத்தைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"டாக்டர்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னது நானு."

"நான் தலையாட்டினேன் அத்தை."

"ரெண்டு வாரம் என் கையால எடுத்துக் குடுத்திருக்கேன். நீ முழுங்குற வரைக்கும் நின்னு பாத்திருக்கேன்." குரல் உடைந்தது. "உங்கப்பா மறைச்சது வேற விஷயம். அதை அவர்கிட்ட நான் கேட்டுக்கறேன், கேக்காம விட மாட்டேன். ஆனா நீ? உனக்கு ஏதாவது ஆகியிருந்தா, அது நான் பண்ணினது ஆகியிருக்கும். அது உனக்குத் தோணவே இல்லியா ஜெயா?"

தோணவில்லை. சத்தியமாகத் தோணவில்லை. எனக்கு என்ன ஆகும் என்று மட்டும்தான் இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிச்ச மாத்திரைகளை அத்தையே எண்ணாமல் ஒரு கவரில் போட்டுக் கட்டினார், டாக்டரிடம் திருப்பிக் கொடுக்க. அதற்கப்புறம் நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் குளிக்கப் போனேன். கதவுக்கு வெளியே நாற்காலி இழுக்கிற சத்தம்.

"தாழ்ப்பா போடாத."

அவ்வளவுதான் சொன்னார். நான் குளித்து முடிக்கும்வரை வெளியே உட்கார்ந்திருந்தார்.

16 ஜூலை, திங்கள்

நான் ஆபீஸிலிருந்து வந்ததும் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "வா. சேகருக்கு நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்." வீட்டு போனில் வெளிநாட்டுக்குப் பேச வசதி இல்லை. சம்பிகே ரோட்டில் பூத். அத்தை கண்ணாடிக் கதவுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு.

சொன்னேன்.

"கடைசியா எப்போ?"

"பதிமூணு வயசுல. அப்புறம் போன வாரம். மாத்திரையால."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"வெளியில நிக்கிறாங்க."

"ஆடின்னு சொன்னது?"

"பொய்."

"ரெண்டு வருஷம் ஜெயா. அதுல ஒண்ணேகால் வருஷம் ஒரே கட்டில்ல. நான் அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது அத்தை பூ வாங்கினார். ஒரு முழம் தனக்கு. கொஞ்சம் தள்ளிப் போனதும் பாதியைக் கிள்ளி என் கையில் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல்.

17 ஜூலை, செவ்வாய்

போன் இல்லை.

ஆபீஸில் கடைசி நாளை ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டேன். மேனேஜர், "லாகோஸ் கேன்சலா?" என்றார். தெரியாது என்றேன். வேண்டுமென்று சொன்னதில்லை, நிஜமாகவே தெரியாது.

அப்பாவுக்கு அத்தை போன் செய்திருக்கிறார். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. "உங்கப்பா அழுதாரு" என்றார். அப்புறம், "நானும் பேசியிருக்கக் கூடாது அப்படி" என்றார்.

18 ஜூலை, புதன்

டைரி இன்று வீட்டில், மேஜைமேல்தான். மழை. ஏழு மணிக்கு போன். புதன்கிழமை அவர் கூப்பிட்டதே இல்லை.

அத்தைதான் எடுத்தார். ம், ம், ம், சரிடா, என்றார். எதுவும் பிடிபடவில்லை. ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு, ஹாலைவிட்டே போனார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்," என்றார்.

சரி என்று சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

"ஆவணியில லீவு போட்டு நான் வரேன். ரெண்டு பேருமா திரும்பலாம். மூணு பிளைட் மாறணும், நீ தனியா வர வேணாம். கோபம் போகல எனக்கு. போயிடுச்சுன்னு நெனச்சுக்காத. வந்து நேர்ல கோவிச்சுக்கறேன்."

"ம்."

"அழாத. பேப்பர் பேனா வச்சிருக்கேன். உனக்கு அது வந்தா என்ன பண்ணணும்? சொல்லு, எழுதிக்கறேன்."

இதை யாரும் என்னைக் கேட்டதில்லை. அப்பா கேட்டதில்லை, அம்மா கேட்டதில்லை. அவர் காத்திருந்தார்.

"கீழ படுக்க வச்சு ஒரு பக்கமா திருப்பணும்."

"ஒரு பக்கமா. சரி."

"தலைக்கு அடியில மெத்துனு ஏதாவது வைக்கணும். கழுத்துல இறுக்கமா இருந்தா தளர்த்தணும். அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில எதுவும் வைக்கக் கூடாது, தண்ணிகூட."

"மெதுவா சொல்லு. கையில சாவிக்கொத்து கொடுக்கணும்பாங்களே?"

"வேணாம். அதெல்லாம் வேணாம். கடிகாரத்தப் பாக்கணும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஆஸ்பத்திரி."

எழுதுகிற சத்தம் கேட்டது, அங்கிருந்து இங்கே வரை.

"எழுதிட்டேன். முழிச்சதும்?"

"பக்கத்துல இருக்கணும்," என்றேன்.

"அதை எழுத வேணாம். அடுத்தது சொல்லு."